மூன்று லெக்சிங்டன்களும் பார்பிக்யூவும்

அமெரிக்காவில் லெக்சிங்டன் என்ற பெயரில் ஊர்கள் ஏராளம். 1775இல் விடுதலைப் போரின் முதல் மோதல் நடந்த மாசசூசெட்ஸ் ஊரின் பெயர் அது. அதன் நினைவாகப் பல மாநிலங்களில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அவற்றில் மூன்று ஊர்களில் நான் சாப்பிட்டிருக்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி கென்டக்கி லெக்சிங்டனில் 3,22,570 பேர். வட கரோலினா லெக்சிங்டனில் 19,632 பேர். டெக்சஸ் லெக்சிங்டனில் ஆயிரத்து இருநூறு சொச்சம், அவ்வளவுதான். ஆனால் பார்பிக்யூ, அதாவது விறகுத் தணலிலும் புகையிலும் மெதுவாக வாட்டிய இறைச்சி பற்றிப் பேசும்போது யாராவது லெக்சிங்டன் என்றால் அவர் அந்தப் பெரிய ஊரைச் சொல்லவில்லை என்று உறுதியாக நம்பலாம். கென்டக்கிக்காரருக்குக் குதிரைப் பண்ணையும் போர்பன் விஸ்கியும் பெருமை. இரண்டாவது ஊரின் பெயரில் ஒரு தனிப் பாணியே இருக்கிறது. மூன்றாவது, சனிக்கிழமை மட்டும் திறக்கும் ஒரு கடைக்காக ஜனங்கள் இரவோடு இரவாகக் காரோட்டி வரும் ஊர்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் நிறுவித் தருவது என் வேலை. ஒரு ஊரில் சில மாதம், அடுத்த ஊரில் சில மாதம் என்று ஓடும். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அம்மா போனில் கேட்பது ஒரே கேள்விதான்: “பெரிய ஊராப்பா, சின்ன ஊரா?” கேள்வி எளிது. பதில் சொல்வதுதான் பெரும்பாடு. வார இறுதியில் எங்கே நல்ல பார்பிக்யூ கிடைக்கும் என்று தேடித் திரிந்ததில்தான் இந்த அளவு விவகாரம் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

அமெரிக்க நகரத்தின் மக்கள்தொகை என்று இணையத்தில் முதலில் வரும் எண், நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணியது. அந்த எல்லை எங்கே ஓடும் என்பது ஊருக்கு ஊர் வேறு. அதற்கு நூறு, நூற்றைம்பது வருடத்து அரசியல் காரணம் இருக்கும். செயின்ட் லூயிஸ் நல்ல உதாரணம். 1876இல் அந்த நகரம் வாக்கெடுப்பு நடத்தித் தன்னைச் சுற்றியிருந்த கவுன்டியிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி) பிரிந்துகொண்டது. அன்று போட்ட எல்லைதான் இன்றும். 1950இல் 8,56,796 பேர் இருந்த நகரத்தில் 2020இல் 3,01,578 பேர்தான். போன ஜனங்கள் எங்கேயும் போய்விடவில்லை, எல்லைக்கு வெளியே புறநகரில் இருக்கிறார்கள். பெருநகரப் பகுதி முழுவதையும் சேர்த்தால் 28 லட்சம் வரும். சான் அன்டோனியோ இதற்கு நேர் எதிர். டெக்சஸ் நகரங்கள் பக்கத்து நிலங்களை இணைத்துக்கொண்டே வளர்ந்தவை. எல்லைக்குள் 14,34,625 பேர்; பாஸ்டனில் 6,75,647. எண்ணை மட்டும் பார்த்தால் சான் அன்டோனியோ இரண்டு பாஸ்டன். பெருநகரக் கணக்கில் பாஸ்டன் 49 லட்சம், சான் அன்டோனியோ 25 லட்சத்துச் சொச்சம். படம் அப்படியே தலைகீழ்.

கென்டக்கி லெக்சிங்டனின் மூன்று லட்சத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1974இல் நகர நிர்வாகமும் ஃபயெட் கவுன்டி நிர்வாகமும் ஒன்றாகிவிட்டன. குதிரை மேயும் புல்வெளிகளும் நகர எல்லைக்குள்தான். வெள்ளை வேலிக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போகும்போது இது கிராமம் என்று தோன்றும். காகிதத்தில் அது மாநகரம்.

அமெரிக்காவில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஹூஸ்டன் பக்கம் இன்னும் வேடிக்கை. கேட்டியில் இருக்கிறேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் கேட்டி நகராட்சிக்குள் இல்லை. நகராட்சிக்குள் இருப்பவர்கள் 22 ஆயிரம் பேர் மட்டும். கேட்டி என்று முகவரி எழுதுபவர்கள் அதைப்போலப் பல மடங்கு. வடக்கே ஸ்பிரிங் என்று ஓர் இடம், 62 ஆயிரம் பேர், ஆனால் சட்டப்படி அது நகரமே இல்லை. மேயர் கிடையாது, நகராட்சி கிடையாது. 2024இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷெலின் கையேடு முதல்முறையாக டெக்சஸுக்கு வந்தபோது நான்கு பார்பிக்யூ கடைகளுக்கு நட்சத்திரம் கிடைத்தது. மூன்று ஆஸ்டினில். நான்காவது, கார்க்ஸ்க்ரூ, இந்த ஸ்பிரிங்கில். ஹூஸ்டன் நகர எல்லைக்குள் 23 லட்சம் பேர் இருந்தும் பார்பிக்யூ நட்சத்திரம் எல்லைக்கு வெளியேதான் விழுந்தது.

அதனால் புது ஊருக்குக் கிளம்பும் முன் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை என்ன. அந்த ஊர் கவுன்டித் தலைநகரா. பழைய நாளில் எதற்காக வெளியூர் ஜனங்கள் அங்கே வந்தார்கள். வீடு, பள்ளிக்கூடம், விமான நிலையம் பற்றி முடிவெடுக்க முதல் விஷயம் போதும். சாப்பாட்டுக்கு மற்ற இரண்டும்தான் முக்கியம். கணக்கெடுப்பு ஓர் ஊரில் யார் குடியிருக்கிறார்கள் என்று எண்ணுகிறது. பார்பிக்யூ கடையோ பகலில் யார் வந்தார்கள் என்பதை வைத்து உருவானது. இந்த வேறுபாட்டை எனக்குக் காட்டியது வட கரோலினா லெக்சிங்டன்.

அப்போது அதே மாநிலத்தின் சார்லட்டில் வேலை. 8,74,579 பேர் உள்ள வங்கி நகரம். கண்ணாடிக் கட்டடங்கள், நல்ல காப்பிக்கடைகள். உள்ளூர் பார்பிக்யூ எங்கே என்று அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் ஊருக்கு வெளியே கை நீட்டினார்கள். லெக்சிங்டன் போ, ஒரு மணி நேரம்தான் என்றார்கள். போனேன். மரச்சாமான் தொழிலால் வாழ்ந்து, ஆலைகள் மூடிய பிறகு சற்று அடங்கிப்போன ஊர். ஆனால் டேவிட்சன் கவுன்டிக்கு அதுதான் தலைநகர். கவுன்டியில் ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் பேருக்கு மேல். முன்பெல்லாம் நீதிமன்றம் சில வாரங்களுக்கு ஒரு முறைதான் கூடும். அந்த நாட்களில் வழக்காட வந்தவர், சாட்சி, ஜூரி, வக்கீல் என்று ஊர் நிரம்பும். 1919இல் சிட் வீவர் என்பவர் நீதிமன்றத்துக்கு எதிரே கூடாரம் போட்டுப் பன்றித் தோள்கறியை வாட்டி விற்க ஆரம்பித்தார். லெக்சிங்டன் பாணி அங்கே தொடங்குகிறது. 1984 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் திருவிழா நடத்துகிறார்கள்.

அந்தப் பாணி என்ன? மாநிலத்தின் கிழக்கே முழுப் பன்றியை வாட்டுவார்கள். வினிகர், மிளகாய் போட்ட தண்ணிச் சாஸ். லெக்சிங்டனில் தோள்பகுதி மட்டும். ஹிக்கரி என்ற மரத்தின் விறகைத் தனி அடுப்பில் எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலை மண்வாரியால் அள்ளி இறைச்சிக்குக் கீழே பரப்புவார்கள். எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். சாஸில் வினிகரோடு கொஞ்சம் கெட்சப், சர்க்கரை, மிளகு. அங்கே அதை டிப் என்பார்கள். பக்கத்தில் ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட். அதில் மயோனைஸ் கிடையாது, அதே டிப்பைப் போட்டுச் சிவப்பாகப் பிசைந்தது. கூடவே ஹஷ்பப்பி, சோளமாவுப் போண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குள் போனால் ஆர்டர் கொடுப்பதற்கென்று ஒரு பாஷை இருக்கிறது. பொடியாகக் கொத்தியதா, பெரிதாகக் கொத்தியதா, துண்டு போட்டதா என்று கேட்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ‘அவுட்சைட் பிரவுன்’ வேண்டும் என்று நீங்களாகச் சொல்வது. வெளிப்பக்கம் புகையில் கறுத்து இறுகியிருக்கும் பகுதி அது. அவர்களாகத் தரமாட்டார்கள், கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள். நான் முதலில் கேட்டபோது பரிமாறிய அம்மாள் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்றார். அலுவலகத்தில் என்றேன். நல்ல அலுவலகம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய சாப்பாட்டு வல்லுநர்கள் டெக்சஸின் மாட்டு நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட்டைத்தான் உச்சியில் வைப்பார்கள். இருக்கட்டும். புளிப்பும் உறைப்பும் பழகிய நாக்குக்கு லெக்சிங்டன் தோள்கறி ஒரு படி மேல் என்பது என் கட்சி.

ஒரு கடை நல்லதா என்று வெளியிலிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம். காரை நிறுத்தியதும் கடையின் பின்பக்கம் பாருங்கள். விறகு அடுக்கியிருக்கிறதா? பாதி அடுக்கு காலியாகி, பக்கத்தில் பட்டைச் சிராய் சிதறியிருந்தால் நல்ல அறிகுறி. அழகுக்கு அடுக்கிய விறகில் தூசி படிந்திருக்கும். புகைபோக்கி குளிர்ந்திருந்தால் உள்ளே எரிவாயுவோ மின்சாரமோ வேலை பார்க்கிறது. மோசமாக இருக்கும் என்பதில்லை, ஒரு மணி நேரம் காரோட்டி வந்து சாப்பிடுமளவுக்கு இருக்காது.

டெக்சஸ் லெக்சிங்டன் ஆஸ்டினுக்குக் கிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அங்கே ஸ்னோஸ் என்ற கடை 2003இல் ஆரம்பித்தது. 2008இல் டெக்சஸ் மன்த்லி பத்திரிகை மாநிலத்திலேயே சிறந்தது என்று அறிவித்த நாளிலிருந்து ஊரின் தலையெழுத்தே மாறிவிட்டது. 1935இல் பிறந்த டூட்சி டொமனெட்ஸ் என்ற பெண்மணிதான் அங்கே அடுப்புக்கு அரசி. வார நாட்களில் பள்ளியில் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமை விடியும் முன் அடுப்பு மூட்டியவர். காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும், அதற்குள் வரிசை தெருவுக்கு வந்திருக்கும். ஏன் சனிக்கிழமை மட்டும்? அன்றுதான் அந்த ஊரில் மாட்டு ஏலம். நம் பக்கம் சந்தை நாளில் மட்டும் கடை போடுவார்களே, அதே கணக்கு. ஊரில் இருப்பவர்கள் ஆயிரத்து இருநூறு பேர், மாடு விற்கவும் வாங்கவும் வந்தவர்கள் வேறு. கடை இந்த இரண்டாமவர்களுக்காகவே திறந்தது. இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டம், என்னைப்போல.

லாக்ஹார்ட்டும் அப்படித்தான். ஆஸ்டினுக்குத் தெற்கே 30 மைல், 14,379 பேர், கால்டுவெல் கவுன்டித் தலைநகர். டெக்சஸின் பார்பிக்யூ தலைநகர் என்று சட்டமன்றமே தீர்மானம் போட்டுக்கொடுத்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதிக்கு வந்த ஜெர்மானிய, செக் குடியேறிகள் கறிக்கடை வைத்தார்கள். விற்காமல் மிஞ்சியதைப் புகையில் வைத்தார்கள், கொத்துக்கறியைத் தொத்திறைச்சியாக்கினார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதைக் கறி மடிக்கும் காகிதத்திலேயே வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டார்கள். தட்டு, முள்கரண்டி, சாஸ் எதுவும் கிடையாது. அந்தக் காகிதம்தான் இன்றைக்குப் பெருநகரங்களில் நாகரிக அடையாளமாகி, எஃகுத் தட்டில் விரித்துக்கொடுக்கிறார்கள்.

லாக்ஹார்ட்டில் 1900இல் தொடங்கிய க்ரோய்ட்ஸ் மார்க்கெட் இருக்கிறது, 1932இல் தொடங்கிய பிளாக்ஸ் இருக்கிறது. 1999இல் க்ரோய்ட்ஸ் குடும்பத்தில் உடன்பிறந்தவர்களுக்குள் பிரச்சினை வந்து, கட்டடம் ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு என்று ஆகிவிட்டது. பெயர் கிடைத்தவர் பழைய அடுப்பிலிருந்து தணலை ஒரு தொட்டியில் போட்டுத் தெருவழியே இழுத்துக்கொண்டு போய்ப் புதுக் கடையின் அடுப்பை மூட்டினார். பழைய கட்டடம் ஸ்மிட்டிஸ் ஆனது. சுவர் முழுக்கப் புகை படிந்த அந்தக் கட்டடத்துக்குள் முதலில் போங்கள். எரியும் அடுப்பு காலடியிலேயே இருக்கும், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மதியம் ஒரு மணிக்கெல்லாம் ‘தீர்ந்துவிட்டது’ பலகை ஏன் தொங்குகிறது என்று எரிச்சல் வரும். பிரிஸ்கெட் மாட்டின் நெஞ்சுப்பகுதி. எடையைத் தாங்கும் தசை, அதனால் இணைப்புத்திசு அதிகம், சாதாரணமாகச் சமைத்தால் மெல்ல முடியாது. 110இலிருந்து 135 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வைத்தால்தான் அதிலிருக்கும் கொலாஜன் இளகி ஜெலட்டின் ஆகும். நடுவில் ஒரு கட்டத்தில், கறியின் உள்வெப்பம் 70 டிகிரியை ஒட்டி வந்ததும், மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். ஈரம் ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைப்பதால் வரும் நிலை அது. காகிதத்தில் சுற்றினால் ஆவியாவது குறைந்து மறுபடி ஏறும். 95 டிகிரியை ஒட்டி எடுப்பார்கள். எடுத்த பின்னும் ஓய்வு கொடுக்க வேண்டும். ஆக இன்று மதியம் விற்பதை நேற்றே அடுப்பில் ஏற்றியாக வேண்டும். கூட்டம் அதிகமானால் இன்னொரு அடுப்பு வைப்பது இங்கே நடக்காது. சின்ன ஊர்க் கடைக்காரருக்கு ஏல நாள் கூட்டம், தேவாலயக் கூட்டம் எல்லாம் மனப்பாடம், அளவாகப் போடுவார். பெருநகரக் கடையில் இந்தக் கணிப்பு கஷ்டம். அதனால்தான் அங்கே வரிசையும் நீளம், விலையும் அதிகம். இப்போது பல இடங்களில் ஒரு பவுண்டு 30 டாலரைத் தாண்டிவிட்டது.

வரிசையில் உங்கள் முறை வந்ததும் கறி வெட்டுபவர் எவ்வளவு என்று கேட்பார். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு பவுண்டு, பசியாக இருந்தால் அரைப் பவுண்டு. கொழுப்புள்ளதா, மெலிந்ததா என்பார். முதல் தடவை இரண்டிலும் பாதி வாங்குங்கள். மெலிந்தது உடம்புக்கு நல்லது என்று நினைத்து அதை மட்டும் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ரொட்டி, வெங்காயம், ஊறுகாய் பெரும்பாலும் இலவசம், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் சின்ன ஊர்தான் உசத்தி என்று தோன்றும். அப்படியில்லை. மிசூரி மாநிலத்துக் கான்சாஸ் சிட்டியின் நகர எல்லைக்குள் 5,08,090 பேர், பெருநகரமாக 22 லட்சம். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் கான்சாஸ் மாநிலத்தில் இன்னொரு கான்சாஸ் சிட்டி, 1,56,607 பேர். பெட்ரோல் பங்குக்குள் இருக்கும் பிரபலமான கடை இந்தச் சின்னதில்தான். முகவரியில் மாநிலத்தைக் கவனியுங்கள். 1871 முதல் 1991 வரை இங்கே ஸ்டாக்யார்ட்ஸ் என்ற பிரம்மாண்டமான கால்நடைச் சந்தை இருந்தது. சிகாகோவுக்கு அடுத்த இடம். ரயில் ரயிலாக மாடு, பன்றி, செம்மறி வரும். நல்ல துண்டுகள் கிழக்கே போக, மலிவான துண்டுகள் ஊரிலேயே தங்கும். மெம்ஃபிஸ் பக்கத்திலிருந்து வந்த ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் 1908இல் ஒரு சந்தில் இதையெல்லாம் வாட்டி, செய்தித்தாளில் சுற்றி விற்றார். அவரிடம் வேலை செய்தவர்கள் வழியாகத்தான் ஆர்தர் பிரையன்ட்ஸ், கேட்ஸ் என்ற இரண்டு பெரிய பெயர்களும் வந்தன. பிரிஸ்கெட் ஓரத்தில் கருகிய துண்டுகளை முன்பு மேடையில் சும்மா வைத்திருப்பார்கள், காத்திருப்பவர்கள் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். 1970களில் இந்த ஊரில் பிறந்த ஓர் எழுத்தாளர் பத்திரிகையில் அதைப் புகழ்ந்து எழுதிவிட்டார். இப்போது ‘பர்ன்ட் எண்ட்ஸ்’ என்று பெயர் வைத்து அதற்குத்தான் அதிக விலை. எல்லா விலங்கும் வந்த ஊர் என்பதால் எல்லா இறைச்சியும் தட்டில் உண்டு, அது எனக்குப் பிடிக்கும். சாஸ் தித்திப்பு மட்டும் கொஞ்சம் ஓவர்.

செயின்ட் லூயிஸில் கடைகளைத் தேடி அலைய வேண்டாம். அந்த ஊர்ப் பாணி வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. பன்றித் தோளைக் குறுக்கே வெட்டிய ‘போர்க் ஸ்டேக்’, தணலில் வாட்டி, 1926 முதல் அங்கே விற்கும் மால்ஸ் சாஸில் ஊற வைத்துத் தருவார்கள். அலுவலகத்தில் யாராவது கோடையில் வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். விலா எலும்பைக் குருத்தெலும்பு நீக்கி நீள்சதுரமாக வெட்டுவதற்குச் செயின்ட் லூயிஸ் வெட்டு என்று நாடு முழுக்கப் பெயர். அப்படி வெட்டி ஒதுக்கும் நுனிகள் எங்கே போகின்றன? சிகாகோவின் தெற்குப் பக்கம் ரிப் டிப்ஸ் என்ற பெயரில் ராஜ மரியாதை. 27 லட்சம் பேர் உள்ள மாநகரம், ஆனால் அந்தப் பாணியைக் கொண்டுவந்தவர்கள் மிசிசிப்பி டெல்டாவின் கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள். குறுகிய நகர்ப்புறக் கடைக்குள் வைக்க மீன்தொட்டி போன்ற கண்ணாடி அடுப்பு, கீழே நேரடி விறகு. நுனி, காரமான தொத்திறைச்சி, அடியில் உருளைக்கிழங்கு வறுவல், மேலே சாஸ். பெரும்பாலும் வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

செயின்ட் லூயிஸில் இருந்தபோது செய்த நல்ல காரியம், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக் கென்டக்கியின் ஓவன்ஸ்போரோ போனது. ஒஹாயோ நதிக்கரை, 60,183 பேர். சின்ன ஊர் என்றும் சொல்ல முடியாது, பெரிய ஊர் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஆட்டுக்கறியைத் தன் பார்பிக்யூவாக வைத்திருக்கும் ஊர் அது. ஆட்டுக்கறி என்றதும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை நினைப்பு வந்துவிட்டது. உடன் வந்த நெல்லைக்காரர் ஒருவர், “எண்ணே, நல்லா விசாரிச்சியளா? ஆட்டுக்குட்டிக் கறின்னு சொல்லி ஏமாத்திரப் போறாவ” என்று வழியெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தார். வெள்ளாடு கிடையாது, குட்டியும் கிடையாது, முதிர்ந்த செம்மறி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் கம்பளிக்காகச் செம்மறி பெருகியது. கம்பளி தரும் காலம் முடிந்த கிழட்டு ஆட்டை என்ன செய்வது? ஹிக்கரித் தணலில் நாள் முழுக்க வாட்டினால்தான் பல்லுக்கு இணங்கும். கத்தோலிக்கத் தேவாலயங்களின் கோடைக்கால விருந்துகளில் இது நிலைத்தது. இன்றும் அந்தத் தேவாலய விருந்துகள் நடக்கின்றன, வெளியூர்க்காரரும் சீட்டு வாங்கிச் சாப்பிடலாம். 1979 முதல் மே மாதத்தில் நகரமே ஒரு விழா நடத்துகிறது.

1963இல் பாஸ்லி குடும்பம் வாங்கிய மூன்லைட் என்ற கடையில் பஃபே உண்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு அதுவே வசதி, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்க்கலாம். கறியில் செம்மறி வாடை நன்றாகவே இருக்கும். அதைச் சரிக்கட்ட வொர்செஸ்டர்ஷைர் சாஸ், வினிகர், மிளகு சேர்த்த கறுப்பு டிப்பைத் தடவிக்கொண்டே வாட்டுகிறார்கள். பர்கூ என்று ஒரு சாறு தருவார்கள். ஆட்டுக்கறி, கோழி, சோளம், உருளை, தக்காளி எல்லாம் கரையக் கரையக் கொதித்தது. நெல்லைக்காரர் மூன்றாவது கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். “இதுல இன்னும் ரெண்டு மிளகாய் கிள்ளிப் போட்டிருக்கலாம்ணே” என்றார். அதற்கு மேல் குறை சொல்லவில்லை.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கு டெக்சஸில் வான்கோழியும் கோழியும் பன்றி விலாவும் உண்டு. புகைபோட்ட வான்கோழி நெஞ்சுக்கறி உண்மையிலேயே நன்றாக இருக்கும். தொத்திறைச்சியில் மாடும் பன்றியும் கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். வட கரோலினாவில் ஏறக்குறைய எல்லாமே பன்றிதான். ஹலால் வேண்டுமென்றால் சின்ன ஊர்களை விட்டுவிட்டு ஹூஸ்டன், டாலஸ் போன்ற இடங்களில் தேடுங்கள், அங்கே அதற்கென்றே கடைகள் வந்துவிட்டன. இந்த விஷயத்தில் பெருநகரம்தான் கை கொடுக்கும். சைவர்கள் பக்க உணவை நம்பி உட்கார வேண்டாம். பீன்ஸில் கறித்துண்டு இருக்கும், கீரையைப் பன்றி எலும்போடு வேக வைத்திருப்பார்கள், ஹஷ்பப்பியைச் சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் பொரிப்பார்கள். உருளைக்கிழங்கு சாலட், மெக்கரோனி, ஸ்லா ஓரளவு பாதுகாப்பு. அதையும் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஞாயிறு, திங்களில் சின்ன ஊர்க் கடைகள் பலவும் மூடியிருக்கும். பதினொரு மணிக்குள் போய்ச் சேருங்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஜாக்கெட்டைக் காரிலேயே விட்டுவிடுங்கள், புகை வாடை இரண்டு சலவைக்குப் போகாது. வரைபடத்தில் லெக்சிங்டன் என்று போடும்போது மாநிலத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

பிரிஸ்கெட் மிஞ்சும் என்று தெரிந்தால் அந்தப் பாதியை வெட்டாமல் தரச் சொல்லுங்கள். வெட்டியது வீடு வருவதற்குள் காய்ந்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, மறுநாள் அலுமினியத் தாளில் சுற்றி 120 டிகிரி சூட்டில் ஓவனில் வைத்து மெதுவாகச் சூடாக்கினால் போதும். அதற்கும் பொறுமையில்லையா, சின்ன வெங்காயம், இடித்த மிளகு, கறிவேப்பிலை போட்டுக் கல்லில் பிரட்டிவிடுங்கள். டெக்சஸ்காரர் யாராவது பார்த்தால் வருத்தப்படுவார், அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்வது உத்தமம்.